உதிர்ந்த இலை டாக்டர்

நடைபாதையில் குனிந்து, ஓர் இலையைக் காம்பில் பிடித்து எடுக்கிறார் ஃபிக்ரி தர்வீஷ். தூசியை ஊதுகிறார். மூக்குக்கு நேரே சரியாக ஒரு சாண் தூரத்தில் அதை நிறுத்தி, கோர்ட்டிலிருந்து வந்த சம்மனைப் படிப்பவர்போல இரண்டு பக்கமும் திருப்பித் திருப்பிப் படிக்கிறார். பின்னால் பயறு வண்டிக்காரர் வழி கேட்டு மணியடித்து ஓய்ந்துவிட்டார். வண்டியைச் சுற்றிக்கொண்டு போகும்போது, "மல்லிகைக் காலையா விடியட்டும், டாக்டர். இன்னைக்கு என்ன சொல்லுது?" என்கிறார்.

"கொய்யா," என்கிறார் ஃபிக்ரி, இலையை விட்டுக் கண்ணை எடுக்காமல். "தண்ணி சரியா ஊத்தாத வீட்டுக் கொய்யா. ஓரம் கருகியிருக்கு பாரு. அந்த வீட்ல புருஷன் ஊத்தட்டும்னு பொண்டாட்டியும், பொண்டாட்டி ஊத்தட்டும்னு புருஷனும் இருக்காங்க."

கொய்யா என்பது சரி. மிச்சமெல்லாம் அவர் கைச்சரக்கு.

தினமும் காலை ஏழரைக்கு ஆரம்பித்து எட்டேகாலுக்கு எங்கள் சந்து முழுவதையும் நடந்து முடிப்பார். கெய்ரோவில் இதைவிடச் சின்னச் சந்து தேடினால்தான் கிடைக்கும். என் கடை வாசலில் நின்று கூப்பிட்டால் கடைசி வீட்டில் பதில் வரும். அந்தத் தூரத்துக்கு அவருக்கு முக்கால் மணி நேரம். அந்த முக்கால் மணியில் ஒரு தடவைகூடத் தலை நிமிராது. மரத்தைப் பார்த்து மரத்தின் பெயரைச் சொல்வது அவருக்குக் கேவலம். "மேல பாத்துச் சொல்றதுக்கு என்னய்யா படிப்பு வேணும்? பேங்க் வாசல்ல போர்டப் படிச்சிட்டு இது பேங்க்னு சொல்ற மாதிரி. மரத்துல தொங்குற இலை இன்னும் வேலைல இருக்கிற ஆபீசர். வாயத் திறக்காது. ரிட்டயர்டு ஆகிக் கீழ விழுந்தா பாரு, எல்லா உண்மையும் வெளிய வரும்."

அவரே ரிட்டயர்டு ஆனவர். வேளாண் துறையின் விதைக் கிடங்கில் முப்பத்தொரு வருஷம் பொட்டலங்களில் முத்திரை குத்தினார். முத்திரை நேராக விழுவதற்குப் பேர்போனவர் என்று அவரே சொல்லித்தான் எங்களுக்குத் தெரியும். டாக்டர் பட்டம் எங்கள் சந்து கொடுத்தது. இந்த ஊரில் இஸ்திரி போட்ட சட்டையோடு யார் போனாலும் டாக்டர்தான். மூக்குக் கண்ணாடிக் கடை வைத்திருக்கும் எனக்குக்கூட அந்தப் பட்டம் உண்டு. நாங்களெல்லாம் அதை வாங்கி அங்கேயே விட்டுவிட்டுப் போகிறோம். இவர் வீட்டுக்குக் கொண்டுபோய்க் கார்டு அடித்துக்கொண்டார்: டாக்டர் ஃபிக்ரி தர்வீஷ், உதிர்பொருள் ஆய்வாளர்.

ஆய்வில் மனிதர் கெட்டிக்காரர். அதை மறுத்தால் என் நாக்கு அழுகிப்போகும். எந்த இலையைக் கண்ணை மூடிக்கொண்டு கையில் வைத்தாலும் தடவிப் பார்த்துச் சொல்லிவிடுவார். வாயை எங்கே மூடுவது என்பது மட்டும் அவருக்கு எந்த இலையும் சொல்லித் தரவில்லை. போன வருஷம் மூன்றாம் மாடிக் கணக்காளரின் கார் வைப்பரிலிருந்து, சிறகு வைத்த ஒரு விதையை உருவி எடுத்தார். "ஜகரண்டா. நம்ம சந்துல ஜகரண்டா கிடையாது. உங்க ஆபீஸ் தெருவுல வெறும் பேரீச்சை. நேத்து சாயந்தரம் ஆபீஸ்ல லேட்டாயிடுச்சுன்னீங்களே, காரை எங்க நிறுத்தினீங்க?" கணக்காளரின் மனைவி பக்கத்தில் காய்கறிப் பையோடு நின்றுகொண்டிருந்தாள். மூன்று மாதம் அந்த மனுஷன் தம்பி வீட்டு சோபாவில் படுத்தான். ஃபிக்ரிக்கு இன்றுவரை அதில் ஒரு குற்ற உணர்ச்சியும் கிடையாது. "நான் விதையப் பத்தித்தானே பேசினேன்," என்பார்.

அவருடைய சலாம் பற்றியும் சொல்ல வேண்டும். எதிரே மங்கலாக எது நின்றாலும் வலது கையை நெற்றிக்குக் கொண்டுபோய்விடுவார். ஆறாம் எண் வாசலில் சாம்பல் நிறத் துணி போர்த்திய மோட்டார் சைக்கிள் ஒன்று வருஷக்கணக்காக நிற்கிறது. சொந்தக்காரன் குவைத்தில் இருக்கிறான். அதற்குத் தினமும் ஒரு சலாம். "கர்வம் பிடிச்ச ஆளுய்யா அந்த ஆறாம் நம்பர்காரரு, ஒரு நாளாவது பதில் சொல்லணுமே," என்று என்னிடமே குறைப்பட்டிருக்கிறார்.

எனக்குக் கடை வைத்த முதல் வாரமே விஷயம் தெரிந்துபோனது. அறுபதைத் தாண்டிய வயசில் கண்ணாடி போடாமல் செய்தித்தாள் படிக்கிறேன் என்று மார்தட்டிக்கொள்ளும் ஆளைப் பார்த்தால் மற்றவர்கள் மாஷா அல்லாஹ் என்பார்கள். என் தொழிலில் இருப்பவன் அளவுநாடாவைத் தேடுவான். ஒரு சாண் தூரத்தில்தான் எழுத்து தெளிகிறது என்றால் கிட்டப்பார்வை, மைனஸ் ஐந்து. டெஸ்ட் பண்ணவே வேண்டாம். அதற்கு அப்பால் உலகம் முழுக்க அவருக்குப் பச்சையும் சாம்பலுமாகக் கலங்கிய தண்ணீர். அண்ணாந்து பார்த்தால் மரம் தெரியாது, மேகம் மாதிரி ஏதோ தெரியும். தெரியாததைத் தெரியாது என்று சொல்ல வாய் வராமல் அதற்கு ஒரு தத்துவம் கட்டி, தத்துவத்துக்குக் கார்டும் அடித்துவிட்டார். பதினோரு வருஷமாக என் கடை வாசலைத் தாண்டிப் போகிறார். ஒரு ஃப்ரேம் விற்க முடியவில்லை. அந்தக் கடுப்பும் எனக்கு இருக்கிறது, ஒளிக்கவில்லை.

எங்கள் சந்தின் மரங்களுக்கு அவர் வரைந்த ஒரு படம் உண்டு. அழகான படம். எந்த வீட்டு முன்னால் எந்த மரம் என்று நான்கு நிறத்தில் குறித்திருக்கிறார். பாதி மரங்கள் ஒரு வீடு தள்ளி நிற்கும். ஏன் என்று எங்கள் சந்தில் எல்லோருக்கும் தெரியும், அவருக்குத் தவிர.

எங்கள் ஊரில் வாட்ச்மேன்கள் காலையில் வாசல் பெருக்குவது என்றால், குப்பையைப் பக்கத்து வீட்டு எல்லைக்குத் தள்ளிவிடுவது. பக்கத்து வீட்டு வாட்ச்மேன் அவனுடைய பக்கத்து வீட்டுக்குத் தள்ளுவான். இது பிரமிடு காலத்திலிருந்தே நடக்கிறது என்றாலும் நம்புவேன். ஆனால் ஒருத்தனும் ஒப்புக்கொள்ள மாட்டான். பொண்டாட்டியை அடித்ததைக்கூட ஒப்புக்கொள்வான், துடைப்பத்தை எல்லை தாண்டி நீட்டியதை ஒப்புக்கொள்ள மாட்டான். பதினொன்றாம் எண்ணின் வாட்ச்மேன் அப்துல் பாரி இதில் மன்னன். அவன் வாசலில் மூன்று மாடி உயரத்துக்கு ஒரு ஃபைகஸ் நிற்கிறது, ஆலமரத்துக்குத் தம்பி முறை. கீழே ஒரு இலை இருக்காது. அதனால் டாக்டரின் படத்தில் பதினொன்றாம் எண் வாசலில் மரமே இல்லை. அந்த ஃபைகஸ் ஒன்பதாம் எண் வாசலில் நிற்கிறது.

ஒன்பதாம் எண் வாசலில் உண்மையில் நிற்பது ஒரு வாகை. பூ தாடி மாதிரி இருப்பதால் எங்கள் ஊரில் பாஷா தாடி என்போம். அதன் அடியில் இருபத்திரண்டு வருஷமாக ஷிஹாத்தாவின் இஸ்திரி மேஜை. அந்தக் கட்டடத்துக்கு வாட்ச்மேன் இல்லை. எனவே அப்துல் பாரி தள்ளும் ஃபைகஸ் இலையெல்லாம் வந்து தங்குவது அங்கேதான். வாகை தன் பங்குக்கு உதிர்க்கும் சிற்றிலையையும் நெற்றையும் ஷிஹாத்தா விடிந்ததும் வழித்து ஒரு சாக்கில் போட்டுக்கொள்வான். மொட்டைமாடியில் மூன்று ஆடு வளர்க்கிறான், அதுகளுக்குத் தீனி. ஃபைகஸ் இலையைத் தொடமாட்டான். "பால் வர்ற இலை, என் ஆடு மோந்துகூடப் பாக்காது," என்பான். ஆக, எட்டு மணிக்கு அந்த மரத்தடிக்கு வருகிற எவனுக்கும் தரையில் கிடைப்பது முழுக்க முழுக்கப் பக்கத்து வீட்டு மரம்.

இந்தக் கூத்து இப்படியே நடந்துகொண்டிருந்தால் யாருக்கும் நஷ்டமில்லை. மார்ச் மாதம் சாக்கடை பொங்கியது.

ஒன்பதாம் எண்ணின் கீழ்வீட்டுக்குள் கணுக்கால் தண்ணீர். வட்டார அலுவலகத்திலிருந்து எஞ்சினீயர் ராஃபத் என்று ஒருவர் ஃபைலோடு வந்தார். படிவத்தில் ஒரு கட்டம் காலியாக இருந்தது: அருகில் உள்ள மரத்தின் இனம். ஃபைகஸ் என்றால் வேர் குழாயை உடைத்திருக்கும், மரத்தை வெட்டு. வேறு மரம் என்றால் ரோட்டைத் தோண்டிக் குழாயைப் பார். வெட்டுவது இன்னொரு பிரிவின் வேலை, தோண்டுவது இவருடைய வேலை. மனுஷன் எந்தப் பதிலுக்கு ஆசைப்பட்டார் என்று நான் சொல்லத் தேவையில்லை.

"இது பாஷா தாடி சார்," என்றான் ஷிஹாத்தா, இஸ்திரிப் பெட்டியைக் கீழே வைத்துவிட்டு. "மே மாசம் வந்து பாருங்க, சந்து பூரா மணக்கும்."

"நீ யாரு?"

"இஸ்திரி போடறவன்."

எஞ்சினீயர் பேனாவை மூடிவிட்டார். "படிச்சவங்க யாராவது எழுதிக் கையெழுத்துப் போடணும். வேளாண்மைத் துறையில யாராவது இருக்காங்களா?"

இருந்தார். அந்த நேரத்துக்குத்தான் பிறந்ததுபோல வந்து சேர்ந்தார். மரம் அப்போது இலையெல்லாம் கொட்டி, நெற்று மட்டும் கிளைக்குக் கிளை ஆயிரக்கணக்கில் வெளுத்துத் தொங்கிக்கொண்டிருந்தது. சின்னக் காற்றுக்கும் கிலுகிலுவென்று சத்தம். டாக்டர் ஃபிக்ரி தரையிலிருந்து ஏழு இலைகளைப் பொறுக்கினார். ஏழையும் ஒரு சாண் தூரத்தில் வைத்துப் படித்தார். கூட்டம் கூடும்வரை பொறுமையாகப் படித்தார்.

"ஃபைகஸ். சந்தேகமே வேண்டாம். இந்த நரம்பைப் பாருங்க, ஓரத்தத் தொடாம உள்ளயே வளைஞ்சு ஒரு கோடா ஓடுது. ஏழு இலை, ஏழும் ஒரே வாக்குமூலம்."

"மேல பாருங்க டாக்டர்," ஷிஹாத்தா கெஞ்சினான். "நெத்து தொங்குது, சத்தம் கேக்குதே. பட்டையத் தொட்டுப் பாருங்க."

"பட்டை வேஷம் போடும். மேல பாக்கறது டூரிஸ்டோட வேலை. விழுந்தது பொய் சொல்லாதுப்பா."

எஞ்சினீயர் படிவத்தில் 'டாக்டர் ஃபிக்ரி தர்வீஷ்' என்று எழுதிக் கையெழுத்துக்கு நீட்டினார். அரசாங்கக் காகிதத்தில் அந்தச் சொல் அவர் பெயருக்கு முன்னால் ஏறியது அதுதான் முதல் தடவை. காகிதத்தை வாங்கி ஒரு சாண் தூரத்தில் வைத்துப் படித்தார். இலையைவிட அதிக நேரம் படித்தார். நேராக ஒரு கையெழுத்துப் போட்டார். வெள்ளி, சனி விடுமுறை முடிந்து ஞாயிற்றுக்கிழமை காலை ஒன்பது மணிக்கு மரம் வெட்ட ஆள் வரும் என்று முடிவானது.

ஷிஹாத்தாவுக்கு அந்த மரம்தான் கூரை. எங்கள் சந்தில் பத்து மணிக்கு மேல் வெயிலில் நின்று சும்மா பேசவே முடியாது, கையில் கொதிக்கும் இரும்போடு எப்படி நிற்பது? கடை வாடகைக்கு எடுக்கிற நிலைமையும் இல்லை. வியாழக்கிழமை சாக்கைத் தூக்கிக்கொண்டு டாக்டரின் வழியை மறித்து என் கடை வாசலிலேயே கொட்டினான். ஒரு சாண் நீளத்தில், சட்டைப் பொத்தான் வைத்துத் தைத்ததுபோல விதை புடைத்த நெற்றுகள்.

"இது என்ன டாக்டர்?"

"வாகை நெற்று," என்றார், கண நேரமும் யோசிக்காமல்.

"என் மரத்து நெத்து."

"அத யாரு பாத்தது? சாக்குல இருக்கிறது சாட்சி ஆகாதுப்பா. விழுந்த பொருள் விழுந்த எடத்துல கிடக்கணும். அதான் விதி."

"விழுந்த எடத்துல கிடந்ததத்தான டாக்டர் நான் பொறுக்கினேன், ஆட்டுக்கு."

"பொறுக்கினது உன் தப்பு."

நேராக அப்துல் பாரியிடம் போனேன். "உன் ஃபைகஸ் இலையெல்லாம் எங்க போகுது?"

"எந்த இலை பாஷா?" ஐயா என்பதற்கு எங்கள் ஊரில் பாஷா.

"தலைக்கு மேல நிக்குதே, அந்த மரத்து இலை."

"அது சுத்தமான மரம் பாஷா. இலை போடாது." துடைப்பத்தைப் பின்னால் மறைத்தான். அதன் குச்சிகளுக்கு நடுவே இரண்டு ஃபைகஸ் இலை சிக்கியிருந்தது. "அல்லா மேல ஆணையா, நான் பக்கத்து வாசல் பக்கம் துடைப்பத்த நீட்டினதே இல்ல."

நான் கேட்டதில் பயந்துபோய் அன்றிலிருந்து அவன் செய்த காரியம் இன்னும் மோசம். ஷிஹாத்தா, விழுந்த நெற்று விழுந்த இடத்திலேயே கிடக்கட்டும் என்று பெருக்குவதை நிறுத்திவிட்டான். அப்துல் பாரியோ தன் வாசலோடு ஒன்பதாம் எண் வாசலையும் சேர்த்து மூன்று வேளை பெருக்கி, சோறு போட்டுச் சாப்பிடலாம் என்கிற மாதிரி வைத்தான். ஃபைகஸும் இல்லை, வாகையும் இல்லை. "உபகாரம் பாஷா, உபகாரம்," என்றான் கேட்டதற்கு.

டாக்டர் மரத்தடிப் பக்கமே வராமல் எதிர்ச் சாரியில் நடக்க ஆரம்பித்திருந்தார்.

சனிக்கிழமை மத்தியானம், சந்து கதவைச் சாத்திக்கொண்டு தூங்கும் நேரத்தில், பெயர் தெரியாத விதை ஒன்று கிடைத்திருக்கிறது என்று பொய் சொல்லி அவரைக் கடைக்கு வரவழைத்தேன். விதை என்றால் இடுகாட்டுக்கும் வருவார். ஒரு எலுமிச்சை விதையை வெள்ளைத் துணியில் வைத்து, "உருப்பெருக்கிக் கண்ணாடி இது, போட்டுப் பாருங்க," என்று சொல்லி, டெஸ்ட் ஃப்ரேமை அவர் காதில் மாட்டினேன். மைனஸ் ஐந்து லென்ஸை இரண்டு பக்கமும் சொருகினேன். அவர் வாயைத் திறப்பதற்குள் தோளைப் பிடித்து வாசல் பக்கம் திருப்பிவிட்டேன்.

எதிரே வாகை நின்றது. அடியில் ஷிஹாத்தா, வாயில் தண்ணீர் கொண்டு சட்டை மேல் ஊதிக்கொண்டிருந்தான். கிளைகள் முழுக்க நெற்று. ஒவ்வொன்றும் தனித்தனியாகத் தெரிந்திருக்கும். அவருடைய தலை மெல்ல மேலே போனது, மேலே போய்க்கொண்டே இருந்தது. அவருடைய குரல்வளையை நான் பதினோரு வருஷத்தில் அன்றைக்குத்தான் பார்த்தேன். பிறகு தலை பதினொன்றாம் எண் பக்கம் திரும்பி ஃபைகஸில் நின்றது. அங்கிருந்து ஆறாம் எண் வாசலுக்கு வந்தது. சாம்பல் துணிக்கு அடியில் நீட்டிக்கொண்டிருந்த சக்கரத்தை ரொம்ப நேரம் பார்த்தார். அவர் காது மடல் சிவந்ததை நான் பார்த்தேன். பாவமாகத்தான் இருந்தது, ஒரு நிமிஷம்.

ஃப்ரேமைக் கழற்றி மேஜைமேல் வைத்தார். "மூக்கை அழுத்துது. இந்த மாதிரி சரக்கை வித்துத்தான் ஊர் கண்ணைக் கெடுக்கறீங்க."

"நெத்து தெரிஞ்சுதா உஸ்தாத்?"

"எலுமிச்சை," என்றார், துணியிலிருந்த விதையைக் காட்டி. "இதுக்கா தூக்கத்தக் கெடுத்தீங்க?" போய்விட்டார்.

எனக்கு வந்த கோபத்தில் அந்த ஃப்ரேமை எடுத்து அவர் முதுகில் எறிந்திருப்பேன். விலை ஞாபகம் வந்து நிறுத்திக்கொண்டேன். ஒரு சொல்லைத் திரும்ப எடுத்துக்கொள்ள முடியாத மனுஷனுக்காக ஒரு இஸ்திரிக்காரன் நாளையிலிருந்து வெயிலில் நிற்கப் போகிறான். அவ்வளவுதானே உங்கள் படிப்பு என்று வாசலில் நின்று கத்த வேண்டும்போல் இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை ஏழு மணிக்கே கடைக்கு வந்துவிட்டேன். ஷட்டரை முழங்கால் உயரம் தூக்கிவிட்டு உள்ளே நின்றேன். ஷிஹாத்தா சட்டை கொடுக்க மாடிகளுக்குப் போயிருந்தான். சாக்கு மேஜைக்காலில் சாய்ந்திருந்தது. அப்துல் பாரி ரொட்டி வரிசையில் நிற்கப் போயிருந்தான், லேசில் திரும்ப மாட்டான். ஷட்டருக்கு அடியில் பழுப்பு நிற பூட்ஸ் இரண்டு தெரிந்தது. சந்தில் அதைப் பாலிஷ் போட்டு அணிகிறவர் ஒருத்தர்தான்.

குனிந்து பார்த்தேன். மார்ச் மாதத்துக் கதகதப்பில் கனத்த கோட்டு போட்டு வந்திருந்தார். முன்னும் பின்னும் திரும்பிப் பார்த்தார். பார்த்து என்ன பிரயோஜனம், நான் பத்து அடியில் இருக்கிறேன். சாக்கின் முடிச்சை அவிழ்த்து இரண்டு கையாலும் அள்ளிக் கோட்டுப் பைகளில் திணித்தார். மரத்தடிக்கு வந்தார். ஒரு நெற்றைப் போட்டார். இன்னொன்றை இரண்டடி தள்ளி, காற்றுக்குச் சாய்ந்த மாதிரி போட்டார். மூன்றாவதை வேர் மடிப்பில் செருகி, திருப்தியில்லாமல் எடுத்து, குப்புறத் திருப்பி வைத்தார். முப்பது நெற்றுக்கு மேல் இருக்கும். எந்த நெற்று எங்கே எப்படி விழும் என்று அவரைவிட யாருக்குத் தெரியும்? கடவுள்கூட அவ்வளவு கவனமாக உதிர்த்திருக்கமாட்டார். வேலை முடிந்ததும் சந்தின் முனைக்குப் போய், அங்கிருந்து தன் வழக்கமான நடையை ஆரம்பித்தார்.

ஒன்பதுக்கு லாரி வந்தது. ரம்பத்தோடு இரண்டு பேர், ஃபைலோடு ராஃபத். ஷிஹாத்தா மேஜையை மடிக்காமல் அதன்மேல் கையை ஊன்றிக்கொண்டு நின்றான். சந்து முழுக்க வாசலுக்கு வந்துவிட்டது. டாக்டர் ஃபிக்ரி தற்செயலாக வந்தார். தற்செயலாகக் குனிந்தார்.

"நிறுத்துங்க," என்றார்.

ஒரு நெற்றை ஒரு சாண் தூரத்தில் வைத்துப் படித்தார். இன்னொன்றை எடுத்தார். காதருகே ஆட்டினார். "வாகை. விழுந்த எடத்துலயே கிடக்கு. இது வாகை மரம்."

எஞ்சினீயருக்கு முகம் கோணிப்போயிற்று. "ஃபைகஸ்னு கையெழுத்துப் போட்டது நீங்கதானே?"

"அன்னைக்குக் கிடந்த இலைக்குப் போட்டேன். இன்னைக்குக் கிடக்கிற நெத்துக்கு இன்னொண்ணு போடறேன். அறிவியல்னா அதான். புது சாட்சி வந்தா தீர்ப்பு மாறும்."

"அப்ப அந்த இலை எங்கருந்து வந்துச்சு?"

எல்லாத் தலையும் அப்துல் பாரி பக்கம் திரும்பியது. அவன் கையில் ரொட்டியும் கக்கத்தில் துடைப்பமுமாக வானத்தைப் பார்த்தான். "காத்து, பாஷா. பாலைவனத்துக் கம்சீன் காத்து. எங்கருந்தோ தூக்கிட்டு வந்து போட்டிருக்கும்." அந்த வாரம் மெழுகுவத்தியை அணைக்கிற காற்றுகூட வீசவில்லை. ஆனாலும் ஒருத்தர் மறுக்கவில்லை. "காத்துதான்," என்றார் மூன்றாம் மாடிக் கணக்காளர். "காத்துதான் போல," என்றேன் நானும்.

ராஃபத் ஒரு பெருமூச்சு விட்டுச் சொல்லை அடித்துவிட்டு மேலே இன்னொன்று எழுதினார். செவ்வாய்க்கிழமை அவர் பிரிவு வந்து ரோட்டைத் தோண்டியபோது குழாயில் ஒரு வேர்கூட இல்லை. வாளி வாளியாக அழுகிய ஃபைகஸ் இலை வந்தது. அதையும் காற்று என்றே எழுதிக்கொண்டார்கள்.

லாரி திரும்பிப் போனது. ஷிஹாத்தா சாக்கைத் தூக்கப் போனவன், அவிழ்ந்து கிடந்த முடிச்சைப் பார்த்தான். பாதியாகிவிட்ட சாக்கைப் பார்த்தான். பிறகு டாக்டரின் புடைத்த கோட்டைப் பார்த்தான். முடிச்சைத் திரும்பப் போட்டுவிட்டு நிமிர்ந்து, கண்ணில் தண்ணீரோடு, "அல்லா உங்க கண்ணைக் காப்பாத்தட்டும் டாக்டர்," என்றான்.

டாக்டர் தலையசைத்தார். கூட்டத்தை விலக்கிக்கொண்டு நடந்தார். முதல் அடிக்கே கோட்டுப் பையில் மிச்சமிருந்த நெற்றுகள் கிலுகிலுவென்றன. இரண்டாம் அடிக்கு இன்னும் உரக்க. சந்து முழுக்கக் கேட்டது. யாரும் சிரிக்கவில்லை. சிரிப்பை அடக்க அப்துல் பாரி ரொட்டியைக் கடித்துக்கொண்டான். டாக்டர் இடது கையால் பையை இறுக்கிப் பொத்திக்கொண்டு, முதுகை இன்னும் நேராக்கி, ஆறாம் எண் வாசல்வரை போனார். அங்கே ஒரு கணம் நின்றார். வலது கையை நெற்றிக்குக் கொண்டுபோய், துணி போர்த்திய மோட்டார் சைக்கிளுக்கு வழக்கம்போல ஒரு சலாம் வைத்துவிட்டு நடந்தார்.